சாத்தூர் எல்லையும் தேய்த்த கல்லும்

மாடசாமிக்கு வேலை போகவிருந்த நாளின் தேதியை நான் குறித்து வைக்கவில்லை. ஐம்பதுகளின் கடைசி, கார்த்திகை பிறந்திருந்தது. தீபாவளி சீசன் ஓய்ந்தால்தான், கல்லில் படம் வரைந்து அச்சடிக்கும் எங்கள் லித்தோ அச்சகத்தில் மத்தியானம் விளையாட முடியும். ஆகவே மாதத்தில் பிழையில்லை.

திருத்தங்கல் சாலையில் இருந்த அந்த அச்சகத்தில் கல்லை நனைத்து மை உருட்டி, பட்டாசு லேபிளுக்குப் புரூஃப், அதாவது மாதிரித் தாள், எடுப்பது என் வேலை. லேபிள் படத்தைக் கல்லில் வரைபவர் ஆர்டிஸ்ட் சங்கரலிங்கம். ஆர்டர் முடிந்ததும் மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்து, அடுத்த படத்துக்குக் கல்லைத் தயார் செய்பவன் மாடசாமி.

1. ஆட்டம்

மூலை உடைந்த ஒரு கல்லில் நாயக்கர் காலத்துப் பாளையங்களை வரைந்து, ஆளுக்கொன்றாக நான், மாடசாமி, சங்கரலிங்கம், மெஷின்மேன் ஜெபமணி என நான்கு பேர் ஆடினோம். மருந்து தோய்க்காத தீக்குச்சிகள்தான் படை. ஆட்டம் முடியும்வரை எல்லைக்கோட்டை மாற்றக்கூடாது என்பது பேச்சு. மாடசாமியும் சங்கரலிங்கமும் கூட்டணி.

ஒருநாள் ஜெபமணியின் எல்லைக்குள் இருந்த சாத்தூர், கோடு மாறிக் கூட்டணிப் பக்கம் கிடந்தது.

"நேத்து எங்கிட்ட இருந்த ஊரு, ராத்திரி நடந்து போயிருச்சாக்கும்?" என்றார் ஜெபமணி. "கல்லத் தேச்சு அழிக்கிறவன் இங்கன மாடசாமி ஒருத்தன்தான்."

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். "வெளாட்டுக் கல்லுல கோட்டை மாத்துனவன் ஆர்டர் கல்லுல மாத்த மாட்டானாலே? நாளைலருந்து வராத."

"நான் தேச்சிருந்தா தடமே இருக்காதுய்யா," என்றான் மாடசாமி. "கத்தியில சுரண்டியிருந்தாத்தான் பழைய கோடு எந்திரிக்கும். மை உருட்டிப் பாருங்க."

சங்கரலிங்கம் தீக்குச்சிகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

2. நனைத்த கல்

கல்லை நனைத்து மை உருட்டினேன். புதுக் கோட்டுக்கு அப்பால் பழைய கோடு மங்கலாக எழுந்தது. சுரண்டிய கோடுதான் என்று மாடசாமி நிம்மதியாக மூச்சு விட்டான்.

மறுபடி உருட்டியபோது சாத்தூருக்குக் கீழே ஒரு கண் தெரிந்தது. பிறகு கன்னம். கம்பி மத்தாப்பு பிடித்த கை. அச்சங்குளத்தில் ஷெட் எரிந்து மூடிப்போன ஒரு கம்பெனியின் லேபிள் அது. அந்தப் படத்தைத் தேய்த்து அழித்த பிறகுதான் பாளையங்களை வரைந்திருந்தோம்.

"நீ தேச்சதும் எந்திரிக்குதேலே," என்றார் மேனேஜர். "அப்ப அந்தக் கோடும் நீ தேச்சதுதான்."

மாடசாமி கல்லைத் தடவிப் பார்த்தான். "முழுசாத் தேச்சேன்யா," என்றான்.

நான் உருளையைக் கீழே வைத்துவிட்டேன். யாரும் தொடாமலே முகம் தெளிந்துகொண்டு வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: அந்த லேபிளுக்குச் சங்கரலிங்கம் வரைந்தது தன் தங்கை பாக்கியத்தின் முகத்தை. ஷெட் எரிந்தபோது அவள் உள்ளே இருந்தாள்.

சங்கரலிங்கம் கல்லைப் பார்த்துச் சொன்னார்: "அவன் இல்ல தாயி. நாந்தேன் சுரண்டினேன்."

"யாருகிட்டங்க பேசுறீக?" என்றார் மேனேஜர்.

மாடசாமியின் வேலை நிலைத்தது. அந்தக் கல்லை மறுபடி தேய்க்கச் சொன்னார்கள். அவன் மணலை அள்ளினான். அள்ளியதைத் திரும்பத் தரையில் கொட்டிவிட்டுக் கல்லைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான்.

கல்லை நனைத்துப் பார்க்காமல் ஒருவனைக் குற்றம் சொல்லக்கூடாது. நனைத்துப் பார்த்தாலும் அவசரப்படக்கூடாது. இது நான் அன்று கற்றது. கல்லில் இறங்கிய எண்ணெய்ப் பசை மேலே வந்து மையைப் பிடிக்கும் என்று, கல் போய் ஆப்செட் வந்த காலத்துப் பிள்ளைகள் விளக்கம் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்லி வந்தேன்.

ஆனால் கல்லைத் திருப்பி வைக்குமுன் அதில் ஒரு புரூஃப் எடுத்திருந்தேன். இரண்டு கோடுகளும் தாளில் விழுந்தன. முகம் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.