கதவுப் பலகை மேல் ஐந்து நாள்

இரண்டு கைகள் நூலுக்கு மெழுகு ஏற்றிக்கொண்டிருந்தன. இடது கட்டைவிரல் மெழுகுக் கட்டியை அழுத்திப் பிடிக்க, வலது கை நூலை அதன் மேல் மூன்று முறை இழுத்தது. நான்காவது முறை இழுத்தால் நூல் பிசுபிசுத்துத் தாளில் கறை விடும். இரண்டோடு நிறுத்தினால் முடிச்சு வழுக்கும். யாரும் சொல்லித் தந்ததல்ல. பத்தொன்பது வருடம் அச்சகத்தில் தாள் மடித்துக்கொண்டே, பக்கத்து மேஜைக்காரர்களின் விரல்களைப் பார்த்துப் பார்த்துப் படித்தது.

அச்சகம் இருந்த மூன்றாவது மாடிக்கு ஏற முழங்கால் மறுத்தபோது வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். தெருவில் அவர் பெயர் பைண்டர் அக்கா.

பழைய பெட்டிகளும் ஓடாத மின்விசிறியும் கிடந்த பின்னறையைக் காலி செய்தார். செருப்பு வைக்கும் அலமாரி தாள் அடுக்கும் அலமாரியானது. ஜன்னல் கம்பியில் கொக்கி மாட்டி நூல்கண்டுகளைத் தொங்கவிட்டார். அழுத்தும் இயந்திரம் வாங்க வழியில்லை. அதற்குப் பதில் பாரம் வைக்க ஒன்பது செங்கற்களைத் துணியில் சுற்றித் தைத்தார். மேஜைதான் பெரிய செலவாகும் போலிருந்தது. வீடு இடிக்கும் இடத்தில் ஒரு கதவு மலிவாகக் கிடைத்தது. பச்சைப் பெயிண்ட், கனமான மரம். இரண்டு இரும்புப் பெட்டிகள் மேல் அதைப் படுக்கவைத்தார்.

"கதவைப் போய் மேஜையாக்கிட்டியே, யாராவது வந்தா எப்படித் தட்டுறது?" என்றார் பஸ் ஓட்டும் கணவர்.

"நீங்க என்னைக்குத் தட்டிட்டு வந்தீங்க?"

மூன்றாம் வாரம் கதவுக்கு அடியில் ரவை கொட்டியது போல் ஒரு சிறு குவியல். அட்டை அறுத்த தூள் என்று பெருக்கித் தள்ளினார். மறுநாள் அதே இடத்தில் அதே குவியல். அட்டைத் தூள் இழையிழையாகப் பறக்கும். இது மணிமணியாக உருண்டது. அந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டியவர் அவர்தான். அன்றைக்கும் பெருக்கிவிட்டார்.

அந்த வாரம்தான் மருத்துவச்சியம்மா வந்தார். முப்பது வருடம் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்து, இருபது வருடம் முன் ஓய்ந்தவர். ஒவ்வொரு பிறப்பையும் தேதி, நேரம், தாயின் பெயரோடு எழுதிய தடித்த நோட்டு அவர் கையில் பிளந்து கிடந்தது. கடைசிப் பக்கங்களுக்கு நடுவே அடையாளத்துக்கு ஒரு துண்டுச்சீட்டு. அந்தப் பக்கத்தில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

"நான் கையில ஏந்தின பொண்ணும்மா இவ. வேலை கிடைச்சிருக்கு, வயசுக்கு வேற அத்தாட்சி இல்ல. அடுத்த வியாழக்கிழமை இதைக் காட்டலைன்னா வேலை கைவிட்டுப் போயிடும். தாள் எதுவும் உதிராம தெச்சுக் குடு."

"ஒரு எழுத்து போகாதும்மா" என்றார் பைண்டர் அக்கா.

தைத்தார். முதுகுக்குப் பசை தடவி, அட்டை ஒட்டி, கதவின் நடுவில் வைத்துச் செங்கற்களை அடுக்கினார். அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: ஐந்து நாள் கல்லை அசைக்கக் கூடாது. நடுவில் தூக்கினால் முதுகு கோணிவிடும்.

இரண்டாம் நாள் ஏதோ மெல்லச் சொடுக்கியது. பசை காய்கிற சத்தம் என்றார். மூன்றாம் நாள் குவியல் இரட்டிப்பானது.

"உள்ளேயிருந்து யாரோ நகத்தால சுரண்டுற மாதிரி இருக்கு. ஒரு தடவை தூக்கித்தான் பாரேன்" என்றார் கணவர்.

"அஞ்சு நாள்னா அஞ்சு நாள்."

"அந்தக் கல்லே பரவாயில்ல, தள்ளினா நகரும். நீ நகரமாட்டே."

நான்காம் நாள் மாலை, கணவர் வெளியே போன பிறகு, அவர் குனிந்து கதவின் மேல் காது வைத்தார். சத்தம் நின்றது. காதை எடுத்ததும் தொடங்கியது. கை செங்கல் வரை போனது. எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் கற்களை இறக்கினார். முதுகு அளவுகோல் வைத்தது போல் நேராக இருந்தது. நோட்டைத் தூக்கியபோது அடியட்டையோடு கதவின் பச்சைப் பெயிண்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. பெயிண்ட் உரிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார். விரல் உள்ளே போயிற்று. வெள்ளை வெள்ளையாகக் கறையான் சிதறி ஓடியது.

ஈரப் பசையின் வாசம் பிடித்து அட்டையைத் துளைத்து, கடைசி ஏழு தாள்களில் வளைந்து வளைந்து போயிருந்தது. துண்டுச்சீட்டு இருந்த பக்கத்தைத் திருப்பினார். தாயின் பெயர் இருந்தது. நாளும் மாதமும் இருந்தன. வருடம் இருக்க வேண்டிய இடத்தில் ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது.

கணவர் நோட்டை வாங்கி அந்தத் துளையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பின்னால தாள் ஒட்டி நீயே எழுதிடு. நாலு நம்பர்தானே. அதே மை உன்கிட்ட இருக்கு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

அவர் பேனாவை எடுத்தார். மூடியைக்கூடத் திறந்தார். மேல் வரியின் எழுத்தை, அதன் சாய்வை, மை அழுந்திய இடத்தைக் கவனித்தார். அதே போல் எழுத அவரால் முடியும். அது தெரிந்ததும் பேனாவை மூடி வைத்தார்.

"ஓட்டையை அடைக்கலாம். எழுதறது என் வேலை இல்ல."

கதவை வெளியே இழுத்துப் போட்டார்கள். அவர் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளையும் தூரிகையால் துடைத்து, வெயிலில் காட்டி, துளைகளுக்குப் பின்னால் மெல்லிய தாள் ஒட்டினார். துளை துளையாகவே தெரிந்தது. புது அட்டை போட்டார்.

வியாழக்கிழமை காலை மருத்துவச்சியம்மா வந்தார், பக்கத்தில் அந்தப் பெண். தலைவாரி, இஸ்திரி போட்ட உடையில், கையில் ஒரு கோப்பு.

"அடேயப்பா, புதுசு மாதிரி ஆக்கிட்டியே!" என்று மருத்துவச்சியம்மா கை நீட்டினார்.

பைண்டர் அக்கா நோட்டை மூடியபடி கொடுக்கவில்லை. துண்டுச்சீட்டு இருந்த பக்கத்தைத் திறந்து, இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"இதை முதல்ல பாருங்கம்மா. தப்பு என்னோடது."