ஸ்டேஷன் வரை பார்த்த ஊர்கள்

வியாசர்பாடியில் வரதனைப் போல ஊர் சுற்றியவன் கிடையாது. ராயபுரம் ரயில்வே யார்டில் கூட்ஸ் பெட்டிகளைக் கழற்றி மாட்டும் ஷண்டிங் வேலை அவனுக்கு. சம்பளம் கைக்கும் வாய்க்கும் சரியாக இருந்தது. ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை தானும் மனைவியும் காசில்லாமல் போய்வர ரயில்வே பாஸ் கொடுத்தது. மற்ற ஆட்கள் அந்தப் பாஸைக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் செலவழித்தார்கள். வரதனின் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் புளியந்தோப்பிலேயே இருந்தார்கள். யார் செத்தாலும் நடந்தே போய்வந்துவிடலாம். எனவே பாஸை ஊர் பார்க்கச் செலவழித்தான்.

ஆரம்ப வருஷங்களில் வடக்கே கூடூர், பெஜவாடா என்று போனான். கம்பெனி ரயில்களையெல்லாம் ஒன்றாக்கித் தெற்கு ரயில்வே என்று பெயர் வைத்த பிறகு தஞ்சாவூர், மதுரை, ராமேஸ்வரம் எல்லாம் அவன் கைக்கு வந்தன. பிள்ளை குட்டி இல்லை. பாஸில் எப்போதும் இரண்டே பேர், அவனும் கெங்கம்மாவும்.

தெருவில் யாராவது வெளியூர் போவதென்றால் அவனிடம்தான் வந்து விசாரிப்பார்கள். பக்கத்து வீட்டு ஜெயவேல் மில் தொழிலாளி, வரதனுக்கு நல்ல தோஸ்து. மதுரைக்குப் புறப்படுமுன் அவனும் வந்து உட்கார்ந்தான்.

"மாமு, மதுரைல இன்னா பாக்கணும்?"

"மொத பிளாட்பாரம். நல்லா பெர்சு. கொயாத் தண்ணி சோக்கா கீது. கடேசி பெஞ்சுல மட்டும் குந்தாத, மூட்டப்பூச்சி."

"கோயிலு?"

"வண்டி உள்ள நொழையசொல்லோ இடது கைப் பக்கம் குந்திக்கோ. கோபுரம் தெரியும்."

"நீ கோயிலாண்ட போலியா?"

"அதான் வண்டிலருந்தே தெரியுதேன்றேன்."

ஜெயவேல் எழுந்துபோய்த் தெரு முழுக்கச் சொன்னான். அன்றிலிருந்து வரதனுக்கு டேசன் வரதன் என்று பெயர் நிலைத்துவிட்டது.

பெயரில் பொய் ஒன்றும் இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் வரதன் ஸ்டேஷனை விட்டு இறங்கமாட்டான். மூன்றாம் வகுப்பு வெயிட்டிங் ஹாலில் ஒரு மூலை பார்த்து ஜமுக்காளத்தை விரிப்பான். குழாயடியில் குளித்து, எண்ணெய் வைத்து வகிடெடுத்துச் சீவி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உலாத்துவான். ஊர்ப் பலகையில் கடல் மட்டத்துக்கு எத்தனை அடி உயரம் என்று எழுதியிருப்பதைப் படித்து, "நம்மூர விட ஒசரம்" என்று கெங்கம்மாவிடம் வந்து சொல்வான். ராமேஸ்வரத்தில் அவள் கடலுக்குப் போகலாமா என்று கேட்டபோது, "நம்மூர்ல இல்லாத கடலா? ராயபுரத்துல தெனம் பாக்கற அதே தண்ணிதான் இங்க வந்து கீது" என்று சொல்லிவிட்டான். கட்டிவந்த புளிச்சோற்றைத் தின்றுவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பிவிடுவார்கள்.

ஏன் வெளியே போவதில்லை என்று யாராவது கேட்டால், "வண்டி பூட்டா இன்னா பண்றது?" என்பான். ரயில்வேக்காரனே ரயிலைத் தவறவிடப் பயப்படுகிறான் என்று ஜெயவேல் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். வரதனும் சேர்ந்து சிரிப்பான்.

உண்மைக் காரணம் கெங்கம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். யுத்தம் முடிந்த மறுவருஷம், கல்யாணமான புதிதில், அவர்கள் போன முதல் ஊர் அது. ஆற்றங்கரையில் தோப்பும் துரவுமாக இருந்த அழகான ஊர். பெயரைச் சொல்லலாம்தான், சொன்னால் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் தாங்கள் யோக்கியர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் வேண்டாம். அங்கே ஓர் ஓட்டலில் நுழைந்து உட்கார்ந்து வரதன் இரண்டு காபி கேட்டான். கல்லாவில் இருந்தவர் எந்த ஊர், எந்தத் தெரு, என்ன ஆட்கள் என்று வரிசையாக விசாரித்தார். ஷண்டிங் வேலையில் கேட்ட கேள்விக்கு அந்த நொடியே உள்ளதைச் சொல்லவேண்டும். லைன் காலியா என்றால் காலி, இல்லையென்றால் இல்லை. யோசித்தால் யாருக்காவது கால் போகும். அந்தப் பழக்கத்தில் வரதன் உள்ளதைச் சொன்னான்.

காபி வரத்தான் செய்தது. ஓட்டலின் பின்பக்கம், சாக்கடை ஓரம், இரண்டு கொட்டாங்கச்சியில் வந்தது. குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கெங்கம்மா கல்யாணப் புடவையில் நின்றுகொண்டிருந்தாள். வரதன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டையும் சாக்கடையில் ஊற்றிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்கள்.

பிளாட்பாரத்தில் டீ விற்றவன் எல்லாருக்கும் கொடுத்த அதே கிளாசில் அவர்களுக்கும் கொடுத்தான். "ரயில்வே ஆளா? எந்த யார்டு?" என்று மட்டும் கேட்டான். வரதன் அதே கிளாசில் இரண்டாவது டீயும் வாங்கிக் குடித்தான். ரயில்வேயிலும் சில பெரிய ஸ்டேஷன்களில் பிராமணாளுக்கென்று தனிச் சாப்பாட்டு அறை உண்டு. அந்தக் கதவுப் பக்கம் வரதன் தலையைத் திருப்புவதில்லை. மற்றபடி குழாயும் பெஞ்சும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. இந்த தேசத்தில் தனக்குரியது பிளாட்பாரத்து வேலியோடு முடிகிறது என்று அன்றைக்கு அவன் தீர்மானம் செய்துகொண்டான். அதற்குள்ளேயே பார்க்க வேண்டியது நிறைய இருந்தது.

கெங்கம்மா ஒன்பது வருஷம் பொறுத்தாள். கடைசியில் அவள் பொறுமையைக் கெடுத்தது குற்றாலம். வியாசர்பாடிக் குழாயில் தண்ணீர் விடிகாலையில் கொஞ்ச நேரம் வரும். ஒரு குடத்துக்காக அவள் வாங்காத ஏச்சில்லை, பிடிக்காத குடுமியில்லை. குற்றாலத்தில் தண்ணீர் மலையிலிருந்து தானே கொட்டுகிறது, ராத்திரியும் பகலும் கொட்டுகிறது, நிறுத்தக் குழாயே கிடையாது என்று ஜெயவேலின் பெண்டாட்டி குப்பம்மா கேள்விப்பட்டதைச் சொன்னாள். அன்றிலிருந்து கெங்கம்மாவுக்கு வேறு பேச்சில்லை.

"இந்த தபா பாஸு அங்கதான். அருவில நின்னு குளிக்கணும் நானு. டேசன் கொயால இல்ல."

"போலாம் போலாம்" என்றான் வரதன். போலாம் என்பதற்கு அவன் அகராதியில் தென்காசி ஸ்டேஷன் என்று அர்த்தம்.

தென்காசியில் இறங்கியபோது காலை வேளை. வெயிலும் சாரலுமாக மாறி மாறி அடித்தது. குற்றாலம் அங்கிருந்து வண்டி கட்டிப் போகிற தூரம். வரதன் வழக்கம்போல மூலை பார்த்து ஜமுக்காளம் விரித்தான். பிறகு பிளாட்பாரத்தின் கோடிக்கு மனைவியை அழைத்துப்போய் மேற்கே கையை நீட்டினான்.

"தோ பாரு. மல மேல வெள்ளையா ஒரு கோடு தெர்தா? அதான் அருவி."

"அது மேகம்யா."

"மேகத்துக்குப் பின்னால கீது. நல்லா உத்துப் பாரு."

கெங்கம்மா உற்றுப் பார்க்கவில்லை. திரும்பி வந்து மூட்டையை அவிழ்த்து மாற்றுப் புடவையையும் துண்டையும் எடுத்தாள்.

"சாங்காலம் வண்டி கீதும்மே" என்றான் வரதன்.

"சாங்காலம்தான?" அவள் குரல் உயரவில்லை. "ஒம்போது வருசமா அந்தக் கொட்டாங்கச்சிய நீ கைலயே வெச்சிக்கினு கீறய்யா. நானுந்தான் அன்னிக்கு நின்னுக்கினு இருந்தேன். எனுக்கும் வவுறு எரிஞ்சிது. அதுக்காவ ஊரெல்லாம் அவனுங்களுக்கே எழுதிக் குடுத்துடணுமா? நீ வந்தா வா. வராங்காட்டி குந்து."

அவள் கேட்டை நோக்கி நடந்தாள். டிக்கெட் கலெக்டர் அந்தப் பக்கத்துக்காரர். டிக்கெட்டுக்குக் கையை நீட்டினார்.

"பாஸு அந்த ஆளாண்ட கீது சார்" என்றாள் கெங்கம்மா. வரதன் தூரத்திலிருந்து பாஸைத் தூக்கிக் காட்டினான்.

"எங்கம்மா போறிய?"

"அருவிக்கு."

"அவுக வரலையா?"

"அவரு டேசன் பாக்க வந்தாரு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

வரதன் பிளாட்பாரத்தைப் பார்த்தான். நல்ல பிளாட்பாரம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தான். ஊர்ப் பலகையைப் படித்தான். உயரத்தைச் சொல்ல ஆளில்லாததால் மறந்துபோய், மறுபடி போய்ப் படித்தான். புளிச்சோற்றைத் திறந்து மூடினான். அவளை யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களே என்று பயமாக இருந்தது. அவள் திருப்பி ஏதாவது சொல்லிவிடுவாளே என்பது அதைவிடப் பயமாக இருந்தது. அதற்கும் அடியில், தான் இங்கே உட்கார்ந்திருக்கிறோமே என்ற வெட்கம் நெஞ்சை அறுத்தது. அன்றைக்கு ஓட்டலில் பட்ட வெட்கத்தை விட இது மோசம். அது மற்றவர்கள் கொடுத்தது.

டிக்கெட் கலெக்டர் ஒரு வண்டியை அனுப்பிவிட்டு வந்தார். "நீங்களும் போய்ட்டு வரலாம்லா அண்ணாச்சி? சீசன் கூட்டம். பாறையெல்லாம் வழுக்கும். பொம்பளைய தனியா விட்டுருக்கிய."

வழுக்கும் என்ற சொல் வரதனுக்குப் பிடித்துப் போயிற்று. மனுஷன் வெளியே போக ஒரு மரியாதையான காரணம் வேண்டுமில்லையா? மூட்டையை அவரிடமே ஒப்படைத்துவிட்டு, கேட்டைத் தாண்டினான்.

வெளியே பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு குதிரை வண்டி, ஒரு பழக்காரி, ஓர் ஆடு. வண்டிக்காரர் பெயர் ரஷீது. அவர் கேட்கப்போகும் கேள்விக்கெல்லாம் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு வரதன் ஏறினான். ரஷீது வழி நெடுகத் தன் குதிரைக்குப் பல்வலி வந்து வைக்கோல் தின்னாமல் கிடந்ததையும், அதற்கு எந்த வைத்தியர் என்ன மருந்து போட்டார் என்பதையும் சொன்னார். குற்றாலம் வரும்வரை குதிரையின் கீழ்த்தாடை தாண்டிப் பேச்சு போகவில்லை. வரதனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அருவியின் சத்தம் முதலில் வந்தது. யார்டில் நாலு என்ஜின் சேர்ந்து நீராவி விட்டாலும் அவ்வளவு சத்தம் வராது. வளைவு திரும்பியதும் மொத்த மலையும் அவிழ்ந்து கொட்டுவதைப் பார்த்து வரதன் வாயைத் திறந்தவன் மூட மறந்தான். தலையில் எண்ணெய் வழிய ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள். ஆண்கள் ஓர் ஓரமாகவும் பெண்கள் ஓர் ஓரமாகவும் இடித்துக்கொண்டு, முட்டிக்கொண்டு, ஓவென்று கத்திக்கொண்டு நின்றார்கள். அந்த நெரிசலில் கெங்கம்மாவைத் தேடினான். ஈரத் தலையும் ஈரப் புடவையுமாக எல்லாப் பெண்களும் ஒன்றுபோலத் தெரிந்தார்கள். அவள் விழுந்து கிடக்கிறாளோ, எவளுடனாவது குடுமியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனான்.

இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், தண்ணீர் நன்றாகத் திரண்டு விழும் இடத்தில் மட்டும் ஏனோ ஆளில்லாமல் இருந்தது. அங்கே கெங்கம்மா ஒருத்தியாக, கைகளை அகல விரித்து, முகத்தை மேலே தூக்கிக் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தாள்.

"கெங்கா!" என்று கத்தினான். மூன்று தடவை கத்திய பிறகுதான் அவள் கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"இன்னாடி, தனியா நின்னுக்கினு கீற? யாராச்சும் எதுனா சொன்னாங்களா?"

"யாரு மவ, எந்த ஊரு, இன்னா ஆளுங்கன்னு கேட்டாளுங்க" என்று அவள் தண்ணீருக்குள்ளிருந்தே கத்தினாள். "சொன்னேன். எல்லாம் அப்பிடிக்கா தள்ளிப் பூட்டாளுங்க. எடம் தாராளமா கீது. வாய்யா!"

வரதன் சட்டையைக் கழற்றிப் பாறை மேல் வைத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வழுக்கும் பாறையில் காலை ஊன்றி ஊன்றி, ஆண்கள் கூட்டத்தின் ஓரம் வரை போனான். முதல் தண்ணீர் தோளில் விழுந்ததும் மூச்சு நின்று திரும்பியது. அவனுக்கும் கெங்கம்மாவுக்கும் நடுவே ஆண்கள் கூட்டத்தின் கடைசி ஆள், காதில் கடுக்கன் போட்ட பெரியவர், நல்ல தண்ணீரை முழுக்கத் தன் முதுகில் வாங்கிக்கொண்டு நின்றார். அவர் முகத்தை வழித்துவிட்டு வரதனைப் பார்த்தார்.

"எந்த ஊரு தம்பி?"

வரதன் ஊரைச் சொன்னான். தெருவையும் சொன்னான். அவர் கேட்பதற்கு முன்பே சாதியையும் சத்தமாகச் சொன்னான். சொல்லிவிட்டு, அவர் நகர்வதற்காகக் காத்திருந்தான்.