விக்னராஜா காய்ச்சிய கூழ்

விக்னராஜா யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்காரன். கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவனாக வந்து, சிட்னியில் இறங்கி, ரயில்பெட்டி கழுவுகிற ஷெட்டில் என்னோடு வேலைக்குச் சேர்ந்தான். அது எழுபத்துநாலாம் ஆண்டு. ஷெட்டில் தமிழர் என்று நாங்கள் இரண்டு பேர்தான். நான் மனைவி கலாவோடும் பிள்ளைகளோடும் பிளாக்டவுனில் இருந்தேன். அவன் லிட்கம்மில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில், ஒரு அறையும் சமைக்க ஒரு குசினியும் எடுத்துத் தனியே இருந்தான்.

கலியாணம் கட்டாதவன். ஊரில் தாய் சமைத்தாள், கப்பலில் கோக்கி சமைத்தான், லிட்கம்மில் சமைக்க ஒருவரும் இல்லை. முதல் மாதம் முழுக்கப் பாண்ரொட்டியும் டின் மீனும் தின்றான். பிறகு ஒருநாள் மீன்கடையில் வெட்டிய தலைகளை வாளிக்குள் எறிவதைக் கண்டு, அதைத் தரச்சொல்லிக் கேட்டான். கடைக்காரக் கிரேக்கன் சும்மாவே கொடுத்தான்.

"எத்தனை பூனை வளக்கிறாய்?"

"ஒண்டு."

அடுத்த கிழமை இன்னும் கூடக் கேட்கவும், "உன்ர பூனை நல்லாத் தின்னுது போல" என்றானாம் கிரேக்கன்.

"ஓம், அது வேலைக்கும் போகுது" என்றானாம் இவன்.

அதோடு அவனுக்குச் சமையல் பிடிபட்டது. இந்த நாட்டுக்காரர் எறிகிறதெல்லாம் எங்கள் சாப்பாடு என்று கண்டுகொண்டான். பீட்ரூட் வாங்கினால் இலையை வறுப்பான். பூசணிக் கொடியின் குருத்தைக் கிள்ளிச் சுண்டுவான். புளிக்குத் தேசிக்காய். தேங்காய்ப்பாலுக்கு, கேக்கில் போடுகிற காய்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுபாலில் ஊறவைத்துப் பிழிவான். ஷெட்டில் அவன் மதியச் சாப்பாட்டைத் திறந்தால் நான் என்னுடையதை மூடிவிடுவேன். அவ்வளவு வாசம்.

ஆனால் என்னைத் தவிர அவன் கைச் சமையலைத் தின்ன ஆளில்லை. எங்கள் வீட்டுக்கு எத்தனையோ ஞாயிறு வந்து சாப்பிட்டிருக்கிறான். அவன் வீட்டு வாசல் படலையை மின்சாரக் கணக்கு எடுக்க வருகிறவன் மட்டும்தான் திறந்திருப்பான். அது அவனுக்குப் பெரிய குறை. "தின்ன வாறவன் எண்ட பேர்தான் அண்ணை எனக்கு மிச்சம்" என்று ஒருநாள் சொன்னான்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, "ஞாயிறு எல்லாரும் என்ர வீட்டை வாங்கோ. கூழ் காய்ச்சப் போறன்" என்றான்.

"ஒடியல் மாவுக்கு எங்கயடா போவாய்?"

"ஓட்ஸ் வறுத்து இடிச்சு வைச்சிருக்கிறன்."

"அது குதிரைக்குப் போடுறதடா."

"முதல் குடியுங்கோ. பிறகு கனையுங்கோ."

எங்கள் ஊர்க் கூழ், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவில் மீனும் நண்டும் முருங்கையிலையும் போட்டுக் காய்ச்சுவது; ஒருத்தனுக்குக் காய்ச்சுகிற சாமான் இல்லை. பானை நிறையக் காய்ச்சி, சுற்றி இருந்து குடிக்க வேண்டும். சுற்றி இருக்க ஆளில்லாமல்தான் இத்தனை நாள் அவன் அதைத் தொடவில்லை.

ஞாயிறு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது படலை ஆவென்று திறந்து கிடந்தது. குசினிக்குள் ஒரு வெள்ளைக்காரக் கிழவி நின்றாள். பக்கத்து வீட்டு மிஸிஸ் டோலன். அவன் குடிவந்த நாள்முதல் அவனோடு ஒரு வார்த்தை பேசாதவள். பானையைக் காட்டுவதும் யன்னலுக்கு வெளியே காட்டுவதுமாகக் கத்திக்கொண்டிருந்தாள். விக்னராஜா அகப்பையோடு அடுப்பை மறித்து நின்றான். முகம் கறுத்துப் போயிருந்தது.

"மீன் மணக்குதெண்டு சண்டைக்கு வந்திட்டா அண்ணை. இண்டைக்கெண்டு பாத்து வந்திருக்கிறா."

அவள் கத்தியது எனக்கும் பாதிதான் விளங்கியது. கலாதான் யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, கூழுக்கு என்ன இலை போட்டனீர்?"

"முருங்கையிலைக்கு நான் எங்க அக்கா போறது? அந்த வேலியடியில கொட்டிக் கிடந்தது. பெரிய இலை, சேம்பு மாதிரி. மனிசி சிவப்புத் தண்டை மட்டும் எடுத்துக்கொண்டு இலையை எறியிறா. பச்சைப் பசேலெண்டு கிடந்தது."

கலா கிழவியை மெல்லச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். அது ரூபாப் என்கிற செடி. தண்டைச் சீனி போட்டு அவித்துத் தின்பார்கள். இலை நஞ்சு. அவன் இலை பொறுக்குவதைக் கிழவி கண்டிருக்கிறாள். எருவுக்காக்கும் என்று பேசாமல் இருந்திருக்கிறாள். கொதிக்கிற மணம் வந்த பிறகுதான் காலில் செருப்பும் இல்லாமல் ஓடிவந்திருக்கிறாள்.

"நீர் குடிச்சனீரோ?"

"ருசி பாக்க ஒரு கரண்டி. நாக்கை அறுத்தது. தேசிக்காய் கூடிப்போச்செண்டு நினைச்சன்."

ஒரு கரண்டியால் ஆள் சாகாது என்றாள் கிழவி. என்றாலும் முன்னால் நின்று பால் குடிக்க வைத்தாள்.

என் பிள்ளைகள் கதவடியில் நின்றார்கள். அவன் அவர்களைப் பார்த்தான். பிறகு பானையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போய், கிடங்கு வெட்டி, மீன்தலை, நண்டு, றால் எல்லாவற்றையும் ஊற்றி, மண் தள்ளி மிதித்தான்.

"வாடா, எங்கட வீட்டை போய்ச் சாப்பிடுவம்" என்றேன்.

"இல்லை. இருங்கோ."

அலுமாரியைத் திறந்தான். காய்ந்த பாண், வெங்காயம், நாலைந்து முட்டை, ஒரு டின் மீன். கலா கையைக் கழுவிக்கொண்டு கிட்டப் போனாள்.

"அக்கா, நீங்க போய்க் கதிரையில இருங்கோ. இது என்ர குசினி."

பாணை விரலால் உதிர்த்தான். வெங்காயத்தையும் செத்தல் மிளகாயையும் வதக்கி, மீனைப் பிசைந்து போட்டு, முட்டையை உடைத்து ஊற்றி, பாணைக் கொட்டிக் கிளறினான். மிஞ்சிக் கிடந்த வறுத்த ஓட்ஸையும் தூவினான். அந்தச் சாப்பாட்டுக்கு என்ன பெயர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மிஸிஸ் டோலனுக்கும் ஒரு கதிரை இழுத்துப் போட்டான். அவள் சட்டியை எட்டிப் பார்த்தாள். வீட்டில் வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். போகும்போது படலையை இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.

நாங்கள் தின்றோம். அவன் சுவரோடு சாய்ந்து நின்று எங்கள் வாய்களையே பார்த்தான். "உப்புப் போதுமோ?" என்றான். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் கேட்டான். என் சின்னவள் இன்னும் வேண்டும் என்று கையை நீட்டினாள். சட்டியைச் சுரண்டி அவளுக்கு வைத்தான். அந்த நேரம் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஸ்டேஷன் வரைக்கும் கூட வந்தான்.

"வாற ஞாயிறு எங்கட வீட்டை வாரும் தம்பி" என்றாள் கலா.

"இல்லை அக்கா. நீங்கதான் இங்க வரோணும்."

"பாப்பம்" என்றேன் நான்.

பாப்பம் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். ரயில் வெளிக்கிட்ட பிறகுதான் கலா சொன்னாள்: "பொடியன் ஒரு வாயும் தின்னேல்லையப்பா."

நான் யன்னலால் பார்த்தேன். அவன் படியில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை, கடை எல்லாம் பூட்டு. இனிப் போய், அலுமாரியில் என்ன கிடக்கிறது என்று பார்த்து, தனக்கு ஏதாவது சமைக்க வேண்டும்.