நிற்காத கால், ஓயாத சாக்ஸபோன்

சுவிசேஷமுத்து கூடத்தில்தான் வாசிக்கத் தொடங்குவார். இரண்டாவது பக்கம் வருவதற்குள் மாடிப்படி இறங்கி, கீழ்வீட்டுக்காரனான என் வாசலில் சாக்ஸபோனோடு நிற்பார். மேலே பியானோ பாதியில் நிற்கும். "ஏங்க, மாப்பிள்ளைய எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்று மனைவி ரெனிட்டாவின் குரல் வரும்.

மனிதர் பகலில் தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் குமாஸ்தா. கல்யாண மாதங்களில் மாலையானால் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலத்து பேண்டுக்குத் தலைவர். நடந்தபடியே வாசித்துப் பழகிய கால், நில் என்றால் நிற்குமா? ஊர்வலத்தில் வாத்தியமும் ஓயக் கூடாது; ஓய்ந்தால் ஆடுகிறவர்கள் கலைந்துவிடுவார்கள். ஆட்டம் சூடுபிடித்தால் இடக்கையை உயர்த்துவார். யாரும் நகரக் கூடாது, அதையே இன்னொரு முறை வாசி என்று அர்த்தம். அந்தக் கைக்கு மாப்பிள்ளை ஏறிய குதிரைகூட நிற்கும் என்பார். குதிரையை நான் விசாரிக்கவில்லை.

ரெனிட்டா பள்ளியில் பியானோ டீச்சர். பிள்ளைகளின் ஆண்டுவிழாவுக்கும் கோயில் பாட்டுக்கும் பின்னணி வாசித்தே காலம் போயிற்று. அவர் தனியாக வாசித்து யாரும் கேட்டதில்லை. சர்ச் ஹால் கச்சேரிக்கென்று, இருவரும் சேர்ந்து வாசிக்க ஒரு சொனாட்டாவைத் தேடிப்பிடித்தவர் அவர்தான். அதன் நடுவில் ஒரு பக்கம் முழுக்கப் பியானோவுக்கு மட்டும். சாக்ஸபோன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

வாயை மூடுவதா, நம்மவரா? ஒத்திகைதோறும் அந்தப் பக்கத்தில் ஒரு கல்யாணப் பாட்டுத் துணுக்கைச் செருகினார். "சும்மா நின்னா, இந்தாளு தூங்குதான்னுல்லா சனம் சொல்லும்" என்று என்னிடம் நியாயம் வேறு.

ரெனிட்டா சண்டை போடவில்லை. "எனக்குன்னு இருக்கது அந்த ஒரு பக்கந்தாங்க" என்றார். அன்று சுவிசேஷமுத்து மொறுமொறு பாகர்வடியைக்கூடச் சத்தமில்லாமல் மென்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. அந்தப் பக்கம் வந்ததும் சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்துவிட்டார். கால்தான் கேட்கவில்லை, மேடையை விட்டு இறங்கி நடந்தார். தெருவுக்கே போய்விடுவாரோ என்று எனக்குப் பகீரென்றது. நல்லவேளை, முன்வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, வாத்தியத்தை மடியில் கிடத்திக்கொண்டார்.

ரெனிட்டா வாசித்தார். தினமும் மாடியில் கேட்ட அதே பியானோதான், ஆனால் குறுக்கீடு இல்லாமல் அன்றுதான் கேட்டேன். கண் கலங்கிவிட்டது, சொல்வதில் எனக்கென்ன வெட்கம்?

பக்கம் முடிந்தது. இனி சாக்ஸபோன் சேர வேண்டும். ரெனிட்டா கீழே திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

சுவிசேஷமுத்து உட்கார்ந்தபடியே இடக்கையை உயர்த்தினார்.