வெளுக்காத திரை

உண்ணாமலைக்கு யாரையும் நம்பி வழக்கமில்லை. பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்று மாடு வாங்கினாள். வாங்கிய பிறகு, கன்றுக்காகப் பாலை அடக்கிக்கொள்கிறது என்று மாட்டையே முறைத்தாள். புருஷன் போன பின் வல்லத்திராக்கோட்டையில் ஒற்றை ஆளாய்க் கடலை போட்டு, மகன் சந்தோஷ்குமாரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியவள். சந்தேகப்படாமல் இருந்திருந்தால் அந்தக் காணியும் மிஞ்சியிருக்காது என்பாள். அது பொய்யுமில்லை.

லீவில் வந்த மகன், வீட்டிலிருந்தே செல்போனில் போர் மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் ஒரு ஆப் போட்டுக் கொடுத்துப் போனான். இரண்டுக்கும் ஒரே பொத்தான். அமுக்கினால் திரை முழுக்க வெள்ளையாகி, படமெல்லாம் மறுபடி வந்து உட்காரும். எழுத்துப் படிக்காதவளுக்கு அந்த வெளுப்புதான் அத்தாட்சி.

பங்குனியில் அந்த ஆப் தானாகவே புதுசாகிக்கொண்டது. அதன்பின் திரை வெளுக்கவே இல்லை. வயலுக்கு நடந்து போனால் பாத்தி காய்ந்து கிடந்தது. அதற்குள் மோட்டார் ஓடுவதற்கான மும்முனைக் கரண்டும் போயிருந்தது. கடலை விழுது மண்ணில் இறங்கும் நேரம். இப்போது ஈரமில்லாவிட்டால் செடி நிற்கும், காய் இருக்காது.

மோட்டார்க் கொட்டகைக்குப் பக்கத்து வீடு ஓரகத்தி மணிமேகலையுடையது. வேறு யாரைச் சந்தேகப்படுவது?

"மோட்டார நிறுத்துனது நீதானே?"

புல் அறுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "எனக்கு வேற சோலியில்லையாக்கா? அதுபாட்டுக்குக் கத்துது, மூச்சு விடுறதுக்குள்ள நிக்குது. பேயிக்கு வாக்கப்பட்ட மோட்டாரு போல!"

"நீ கை வைக்காம அதுவா நிக்குமா?"

"அப்ப நாந்தேன். இனி ஒங்க வாசப்படி மிதிச்சா ஏன்னு கேளுங்க."

காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுவர உண்ணாமலைக்கு இருந்த ஒரே ஆள் அவள்தான்.

திருக்கோகர்ணத்துச் செல்போன் கடைக்கு உண்ணாமலை போனது ரிப்பேருக்கு அல்ல, சாட்சிக்கு. "மோட்டார நிறுத்துனது யாருன்னு இதுல தெரியுமா, பாப்பா?"

கடைக்காரி ஷர்லி, "நீங்க எப்படிப் போடுவீங்க, காட்டுங்கம்மா" என்றாள். உண்ணாமலை அமுக்கினாள், பார்த்தாள், மறுபடி அமுக்கினாள்.

"ஐயோ! போட்டத நீங்களே நிறுத்திட்டீங்களே."

"வெளுக்கலையே!"

"இனி வெளுக்காதும்மா. தண்ணி பாய்ச்சுறப்ப ஈரமா இருக்குற பாத்தியையும் தொறந்து விடுவீங்களா?"

"எவ விடுவா? காஞ்ச பாத்திக்குத்தான் மடை."

"இதுவும் அப்படித்தான். முன்னாடி ஒரு புள்ளி மாறுனாலும் மொத்தத்தையும் அழிச்சுட்டு வரைஞ்சுச்சு. இப்ப மாறுன இடத்த மட்டும் வரையுது. மத்ததெல்லாம் பழைய படமே நிக்கும். சார்ஜும் மிச்சம். இந்தா, மூலையில வட்டம். பச்சைன்னா ஓடுது, செவப்புன்னா நின்னுருச்சு."

உண்ணாமலை கண்ணைச் சுருக்கினாள். "மாறுனதே இதுக்குத் தெரியலைன்னா?"

"சிக்னல் இல்லைன்னா... பழசுதான் நிக்கும்" என்று இழுத்தாள் ஷர்லி.

"அப்படிச் சொல்லு."

திரும்பும் பஸ்ஸில் மணிமேகலை சொன்னதுதான் காதில் ஓடியது. கத்துது, நிக்குது. தான் அமுக்கிய ஒவ்வொரு தடவையும் அதில் இருந்தது.

மறுநாள் கரண்டு வந்ததும் ஒரே ஒரு முறை அமுக்கினாள். வட்டம் பச்சையானது. விரல் மறுபடி அரித்தது. அமுக்காமல், அதே செல்லில் மணிமேகலைக்குப் போன் போட்டாள். வெகுநேரம் அடித்த பிறகுதான் எடுத்தாள்.

"என்ன?" அக்கா என்று சொல்லவில்லை.

"இத்தன நாளும் நிறுத்துனது நாந்தாண்டி. இப்ப வட்டம் பச்சையா இருக்கு. நான் நம்பல. நீ சொல்லு, ஓடுதா?"

செருப்புச் சத்தம் கேட்டது, கதவு கிறீச்சிட்டது. பிறகு போனுக்குள்ளேயே மோட்டார் இரைந்தது.

"ஓடுதுக்கா."

உண்ணாமலை மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பினாள்.