மரத்தடியில் நாங்கள், எஞ்சினில் ஆமி

தீயணைப்பு வேலையில் நெருப்போடு மல்லுக்கட்டுவது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் எஞ்சினோடும் மேலதிகாரியோடும்தான். பழைய வாகனத்தையும் புதிய அதிகாரியையும் ஒரே காலத்தில் தாங்கிய அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பத்து நாலாம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் எங்கள் நிலையத்துக்கு ஒரே ஒரு எஞ்சின், அதற்கு ஒரே ஒரு சாரதி, ராசையா அண்ணை. மேலதிகாரி வீட்டுக் கலியாணத்துக்கு எஞ்சினில் தண்ணீர் கொண்டுபோக மாட்டேன் என்றார், வேலை போயிற்று. அவரைத் திரும்ப எடுக்கும்வரை ஒரு வாளியையும் தொடுவதில்லை என்று நாங்கள் பதினொரு பேரும் நிலையத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் குந்தினோம். எங்களில் ஒருவன் கை வைத்தாலும் போராட்டம் முறிந்துவிடும். அண்ணையின் வேலையும் அதோடு சரி. மேலதிகாரி எங்களுக்குப் பதிலாக ஆமியை, அதாவது இராணுவத்தை, கூப்பிட்டார்.

முன்னாலே தள்ளினார்கள்

அந்த எஞ்சினைப் பின்பக்கமாகத் தள்ளினால்தான் ஸ்டார்ட் வரும். ஏன் என்று எந்த மெக்கானிக்கும் சொன்னதில்லை. இது தெரியாத பன்னிரண்டு சிப்பாய்கள் அதைச் சந்திவரை முன்னாலே தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு சந்தியிலிருந்து அடுத்த சந்திக்கு. நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். கடைசியில் இராணுவ லொறியில் கட்டி இழுத்தபோது உறுமிக்கொண்டு எழும்பியது. அணைத்தால் திரும்ப வராது என்ற பயத்தில் அதன்பின் இரவு பகலாக அதை ஓடவிட்டே வைத்திருந்தார்கள். எதிர்த் தேநீர்க்கடைக்காரர் மூன்றாம் நாள் எங்களிடம் வந்தார்.

"தம்பியவை, ராசையான்ரை வேலையைக் குடுத்துத் துலையுங்கோ எண்டு உங்கடை மேலதிகாரிக்கு நானும் ஒரு கடிதம் எழுதுறன். இந்தச் சத்தத்திலை சனம் தேத்தண்ணி கேக்கிறதே எனக்குக் கேக்குதில்லை!"

ஆளில்லாத நெருப்பு

முதல் நெருப்பு சாவகச்சேரிப் பக்கம், தென்னோலை பின்னிய ஒரு கிடுகு வேலி. எஞ்சினில் ஆமி வருவதைக் கண்டதும் நெருப்பை அணைத்துக்கொண்டிருந்த சனமெல்லாம் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டது. கிணறு எங்கே என்று காட்டக்கூட ஒரு ஆள் இல்லை. அடுத்த நாள் சிப்பாய்களுக்குப் பொறுப்பான சாஜன் மரத்தடிக்கு வந்தார். புத்தளத்துக்காரர், நல்ல தமிழ். "ஒரு ஆளைத் தாங்க, கண்டாச் சனம் ஓடாது. முன் சீட்டில சும்மா இருந்தாப் போதும்" என்றார்.

அரை நாள் கூட்டம் போட்டோம். சும்மா இருப்பது வேலை ஆகாது, வாய் திறந்தால் அது வேலை என்று தீர்மானம் நிறைவேறியது. என்னைத்தான் தெரிவு செய்தார்கள். காரணத்தை ராசையா அண்ணை சொன்னார்: "உன்ரை முகம் ஒண்டுதான் அரை மைலுக்கு அங்காலையும் தெரியும்."

புத்தூர்ப் புகை

புத்தூரில் ஒரு கொட்டிலில் இருந்து புகை கிளம்புவதாக ரோந்து போனவர்கள் செய்தி அனுப்பினார்கள். பறந்து போனோம். எட்டத்தில் கண்டவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. புகையிலைக் கொட்டில்! தேங்காய்ப் பொச்சுமட்டை மூட்டி, இலை பதமாகிப் பாடம் வருவதற்குப் புகை போட்டிருக்கிறார்கள். சொல்ல வாய் எடுத்தேன். தீர்மானம் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன். சிப்பாய்கள் கதவை உடைத்து, ஒரு தாங்கித் தண்ணீரையும் புகையிலைமேல் அடித்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு வெற்றியோடு நின்றார்கள்.

புகையிலைத் தோட்டக்காரர் ஓடிவந்தார். சிப்பாய்களை அவர் ஒன்றும் சொல்லவில்லை. முன் சீட்டில் பிள்ளையார் மாதிரி இருந்த என்னைத்தான் பார்த்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்றைக்கும் தின்கிறது.

"தம்பி, வேலையை நிப்பாட்டினனீங்கள் சரி. வாயையும் ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

கொழும்புத்துறை

பதினேழாம் நாள் மத்தியானம் கொழும்புத்துறையில் வலைக் கொட்டில் ஒன்று பிடித்துக்கொண்டது. இது உண்மை நெருப்பு. ஒரு குடும்பத்தின் வலை முழுக்க அதற்குள்ளே. கொட்டிலுக்கு நூறு யார் தூரம் இருக்கும்போது, பதினேழு நாளாக நிற்காத எஞ்சின் நின்றது. சிப்பாய்கள் குதித்து, வழக்கம்போல முன்னாலே தள்ளினார்கள். அந்த வீட்டு அம்மா என் பக்கக் கதவில் இரண்டு கையாலும் அடித்தா. புத்தூர்க்காரரின் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. போராட்டமும் மண்ணும் என்று கதவைத் திறந்தேன்.

திறந்த கதவை யாரோ வெளியிலிருந்து அடித்துச் சாத்தினார்கள். ராசையா அண்ணை! அவர் வீடு கொழும்புத்துறையில்தான். புகையைக் கண்டு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வந்திருக்கிறார். "பேசாமல் இரடா! நீ இறங்கினால் எல்லாம் போச்சு. எனக்குத்தான் வேலையே இல்லையே, நான் எந்த வேலைநிறுத்தத்தை முறிக்கிறது?" என்றவர் சாஜனைப் பார்த்து, "பின்பக்கமாய்த் தள்ளச் சொல்லுங்கோ!" என்று கத்திக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். பத்து அடி போகமுதல் எஞ்சின் உறுமியது. பாதி வலை தப்பியது. அந்த அம்மா அழுதுகொண்டே பன்னிரண்டு சிப்பாய்களுக்கும் தேத்தண்ணி ஊற்றினா. அண்ணைக்கு மட்டும் சீனி இரண்டு கரண்டி.

அன்று மாலையே சாஜன் மேலதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். யன்னலுக்கு வெளியே நாங்கள் பதினொரு பேரும்.

"சேர், ராசையாவைத் திரும்ப எடுங்க. இல்லாட்டி இனி யாழ்ப்பாணத்தில நெருப்பே பிடிக்கக் கூடாதென்று நீங்களே ஒரு ஓடர் போடுங்க."

ராசையா அண்ணை திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். அந்தப் பதினேழு நாளில் எங்கள் நிலையத்தில் ஒழுங்காக வேலை செய்தவர், வேலை இல்லாத அந்த ஒருவர் மட்டும்தான்.