காய்ச்சப்பழக்காரி செங்கேணி

உத்திரமேரூரில் ஆப்பிளுக்கு அந்தப் பெயர் அப்போது கிடையாது. காய்ச்சப்பழம் என்றால்தான் தெரியும். டாக்டர் சொல்லி, காஞ்சிபுரத்திலிருந்து ஒன்றோ இரண்டோ வாங்கி வந்து, நாலாக நறுக்கிப் படுத்திருப்பவர் வாயில் ஊட்டுகிற பண்டம் அது. காய்ச்சல்காரர் தின்பதால் காய்ச்சப்பழம். நல்ல உடம்போடு இருப்பவன் அதை ஆசைப்பட்டுத் தின்றான் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

இந்தப் பழத்தை எங்கள் ஊரில் முதன்முதலாகக் கூடையில் வைத்துக் கூவியவள் செங்கேணி. காலனிக்காரி. நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தவள், முதுகு பிடித்துக்கொண்டு குனிய முடியாமல் போனதும் வியாபாரத்துக்கு வந்தாள். விடியற்காலை பஸ்ஸில் காஞ்சிபுரம் மண்டிக்குப் போய்ப் பழம் எடுத்து வருவாள். சீத்தாப்பழமும் கொய்யாவும் கூறு போட்டு விற்பாள். ஆப்பிளைக் கூறு போட முடியுமா? அது ஒற்றைப் பழமாகத்தான் போகும். ஆனால் லாபம் அதில்தான். கொஞ்ச நாளில் பழத்தின் பெயர் அவளுக்கே ஒட்டிக்கொண்டது. காய்ச்சப்பழக்காரி என்றார்கள்.

யார் கூடையருகே உட்கார்ந்தாலும் அவள் முதல் கேள்வி ஒன்றுதான்.

"யாருக்கு நோவு? எத்தினி நாளா?"

கேட்டுவிட்டு, பாவம் என்று ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொசுறாகப் போடுவாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். பழம் என்பது அந்த வாயில் ‘பயம்’ என்றுதான் வரும்.

எங்கள் தெருவில் முத்துவேல் வீடு பெரிய வீடு. ஏரிக்கு அந்தப் பக்கம் அவருக்குப் பதினைந்து காணி நஞ்சை. அறுபத்தொன்றில், ஆவணி மாதம், செங்கல்பட்டிலிருந்து அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. பேச்சு எழுந்த மறுநாளே அவர் செங்கேணியை வழிமறித்தார்.

"இந்தாம்மே, இனிமே இந்தக் கூடையைத் தூக்கிக்கினு எங்க தெருப்பக்கம் வராதே. நல்ல காரியம் நடக்கப் போற எடத்துல காய்ச்சப்பழம்னு கூவினா யாருக்குப் புடிக்கும்?"

"பயத்துல இன்னா ஐயா கீது? நோவு வந்தாத்தான பயம் வாங்குறீங்க, பயம் வந்து நோவு வர்லியே."

"எதிர்த்துப் பேசாத. போ."

பெரிய வீடு சொன்னால் தெருவே சொன்ன மாதிரி. மற்ற வீடுகளும் அவளைக் கண்டால் கதவைச் சாத்தின. வாங்குகிற சக்தி உள்ள தெரு அது ஒன்றுதான். அது அடைபட்டால் செங்கேணி மறுபடியும் களை எடுக்கப் போக வேண்டும், முதுகோ வளையாது. வேறு வழியில்லாமல் பஸ் ஸ்டாண்டில் கூடையை வைத்துக்கொண்டு ஈ ஓட்டினாள். எனக்கு அந்த முத்துவேல் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அவரிடம் வாயைத் திறந்து சொல்லுகிற தைரியம் எங்கள் தெருவில் யாருக்கு இருந்தது?

பஸ்ஸில் வந்து இறங்கிப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கோவிந்தம்மாள் பட்டணத்து நாகரிகம் தெரிந்த மனுஷி. தாம்பூலத் தட்டைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்தாள். வெற்றிலை, பாக்கு, பூ, வாழைப்பழம், அதன் நடுவில் செக்கச்செவேலென்று ஆறு காய்ச்சப்பழம்!

முத்துவேலின் மனைவி ராணியம்மாளுக்கு முகம் செத்துவிட்டது. புருஷனைச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மாப்பிளைக்கு இன்னாமோ நோவு கீது. வழியில துன்றதுக்கு வாங்கினதைத் தட்டுல வெச்சிட்டாங்க. ஒத்தப் பொண்ணு, சீக்காளி கையில புடிச்சிக் குடுக்கவா?"

மாப்பிள்ளை வேறு கொஞ்சம் ஒல்லி. முத்துவேலுக்கு வியர்த்துவிட்டது. வந்தவர்களையே எப்படிக் கேட்பது? ஊரில் அந்தப் பழம் விற்பவள் ஒருத்திதான். சோடா வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தோட்டத்து வழியாக பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்.

"செங்கேணி, செங்கல்பட்டு அம்மா பஸ்ஸை விட்டு எறங்கினதும் ஒன்கிட்டத்தான பழம் வாங்கினாங்க? யாருக்குன்னு சொன்னாங்க?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், கல்யாணம் அன்றைக்கே நின்றுபோகும். அது இரண்டு பேருக்குமே தெரியும்.

"யாருக்கு நோவுன்னு கேட்டேன். வாயைக் களுவுடின்னு திட்டினாங்க. தட்டுல வெக்கவாம்."

"மறைக்கிறாங்களோ?"

"இல்ல ஐயா. நோவுக்கு வாங்குறவங்க பேரம் பண்ண மாட்டாங்க. கேட்ட காசைக் குடுத்துட்டு ஓடுவாங்க. கொசுறு நானாப் போட்டாக்கூட கண்ணு தெரியாது. இந்த அம்மா ஒவ்வொரு பயமாத் திருப்பிப் பாத்து, அடுத்த பஸ்ஸு வந்துட்டுப் போற வரைக்கும் பேரம் பண்ணாங்க. பத்தாததுக்கு ரெண்டு கொய்யா கொசுறு கேட்டு வாங்கிக்கினு போனாங்க. வூட்ல ஒருத்தருக்கும் ஒரு தலவலிகூட கெடையாது, போய் நிச்சயம் பண்ணு."

முத்துவேல் சோடாவை மறந்துவிட்டுத் திரும்பி ஓடினார். நிச்சயம் நடந்தது.

கார்த்திகையில் கல்யாணம். எல்லாத் தட்டிலும் அந்தப் பழம் இருக்க வேண்டும் என்று செங்கல்பட்டிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள். முத்துவேல் செங்கேணிக்கு ஆள் விட்டார். ஒரு கூடை நிறைய வேண்டும், விடியறதுக்கு முன்னால் தோட்டத்து வழியாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போ என்று.

"தெரு வழியாத்தான் வருவேன், கூவிக்கினுதான் வருவேன்" என்று பதில் வந்தது. "இஷ்டமில்லன்னா காஞ்சிபுரத்துக்கு ஆள் அனுப்பிக்கச் சொல்லு."

அடைமழைக் காலம். கல்யாண வேலையில் அனுப்ப ஆளும் இல்லை. முத்துவேல் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றார்.

கல்யாணத்தன்று காலை, மேளம் ஓய்ந்த நேரம் பார்த்து, தெருக்கோடியிலிருந்து அவள் குரல் வந்தது. "காய்ச்சப்பயேம்! காய்ச்சப்பயேம்!" ஒரு கதவும் சாத்தவில்லை. தலையில் நிறைகூடை. பந்தல் வாசலில் வந்து நின்றவளுக்குத் தானாக இறக்க முடியவில்லை. ராணியம்மாள் ஆளைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆளுக்கொரு வேலையாகப் போயிருந்தார்கள். பட்டுக் கரை வேட்டியோடு வாசலில் நின்றது முத்துவேல் மட்டும்தான்.

"ஒரு கை குடு ஐயா" என்றாள் செங்கேணி.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. முத்துவேல் அங்கவஸ்திரத்தை இழுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கூடையை ஒரு பக்கம் பிடித்து இறக்கினார்.